லாண்டரிக்குக் கேட்காத மணி

எங்கள் ஹோட்டலில் அவரை எல்லோரும் மணிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு மாடி, நூற்றுப்பத்து அறைகள். அத்தனைக்கும் ரிப்பேர் வேலை அவர் தலையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபயர் டிரில் வரும்போது அபாய மணியை அடிப்பதும் அவரே. மணி கேட்டதும் வேலைக்காரர்கள் எல்லோரும் படி வழியாக வெளியேறி கார் நிறுத்துமிடத்தில் வந்து நிற்க வேண்டும். மேனேஜர் தலைகளை எண்ணுவார். யார் எத்தனை நிமிஷத்தில் வந்தார்கள் என்று நோட்டில் எழுதுவது ரிசப்ஷன்காரனான என் வேலை.

அவர் மனைவிக்கும் இங்கேதான் வேலை, லாண்டரியில். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, நான்கு பெண்கள், ஐந்து மெஷின்கள். மெஷின் ஓட ஆரம்பித்தால் அபாய மணியெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். முதல் டிரிலில் அந்த நால்வரும் வரவேயில்லை. மேனேஜர் எண்ணி முடிப்பதற்குள் மணிக்காரர் ஓடிப்போய்க் கூட்டி வந்துவிட்டார். மனைவிக்குத் திட்டு விழக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். அடுத்த டிரிலிலிருந்து மணி அடிப்பதற்கு முன்பே கீழே போய் அவள் தோளைத் தட்டிவிட்டு வருவார். மற்ற மூவரும் அவள் பின்னால் வந்துவிடுவார்கள். எட்டு வருஷமாக எங்கள் நோட்டில் லாண்டரிதான் முதலிடம்.

போன வருஷம் துணி உலர்த்தும் மெஷினில் ஒரு துண்டு கருகி, அறை முழுக்கப் புகை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனிதருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. மேனேஜரிடம் போய் நின்றார்.

"சார், கீழ மணி கேக்கிறதில்ல. அங்க தனியா ஒரு மணியும் சிவப்பு லைட்டும் போட்டுக் குடுங்க."

மேனேஜர் என் நோட்டைப் புரட்டினார். "ரெண்டே நிமிஷத்துல வந்துடுறாங்களேய்யா. மணி கேக்காமயா வர்றாங்க?"

அவர் திரும்பி வந்துவிட்டார். தோளைத் தட்டுவதைச் சொன்னால் எட்டு வருஷப் பொய் வெளியே வருமே. அந்தப் பொய்யை எழுதினவன் நான். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அடுத்த டிரிலுக்கு நான் கீழ போகப் போறதில்ல. அவகிட்டயும் சொல்லல. யாரும் வராம இருந்தாத்தான் இவங்களுக்குப் புரியும்" என்றார் என்னிடம்.

அப்படியே செய்தார். எல்லோரும் வந்து நின்றோம், நான்கு பேரைத் தவிர. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மேனேஜரே கீழே இறங்கிப் போனார். நால்வரும் ஈரக் கையோடு வந்தபோது மணிக்காரர் முகத்தில் கொஞ்சம் நம்பிக்கைகூடத் தெரிந்தது.

"இத்தனை வருஷம் ஒழுங்கா வந்தவங்களுக்கு இன்னிக்கு என்ன திமிரு?" என்று மேனேஜர் கத்தினார். நால்வருக்கும் எச்சரிக்கைக் கடிதம்.

"ஏங்க, நீங்க தட்டாம நான் எப்படிங்க வருவேன்?" என்று மனைவி அங்கேயே அழுதாள். அவரும் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மறுநாள் சுவரில் ஒட்டியிருந்த வெளியேற்றத் திட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'லாண்டரிப் பணியாளர்களை நேரில் சென்று அழைத்து வருவது ரிப்பேர் பணியாளரின் பொறுப்பு.' மணியும் இல்லை, லைட்டும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு சார்" என்றார் மணிக்காரர்.

"செவ்வாய்க்கிழமை நாம டிரில் வைக்கிறதே இல்லையே" என்றார் மேனேஜர். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

மனைவிக்கும் அன்று லீவு கேட்டுப் பார்த்தார். ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் அவளோடு ஹோட்டல் வாசல் வரைக்கும் வருகிறார். லீவில் இருப்பவர்களை உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு, வாட்ச்மேன் விடமாட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது வீட்ல நிம்மதியா படுத்துத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போகிறாள்.