செபஸ்ரியனுக்கு விட்ட கடைசிக் கிளாஸ்

ஒரு மனிதன் திருந்திவிட்டான் என்று ஒப்புக்கொள்வதைப் போலக் கசப்பான வேலை எங்கள் ஆட்களுக்கு வேறு இல்லை. செபஸ்ரியன் பதினொரு வருடமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. இருந்தும் நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் லாங்கன்தாலில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் யாராவது அவருக்கு முன்னால் போத்தலை ஆட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். வைன் நிலவறையில் வேலை செய்கிறவர் குடிப்பதில்லையாம் என்று என்னிடமே சொல்லிக் கண்ணடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் குகநாதன், ஊருக்கு வெளியே இருக்கும் பழைய உணவகத்தில் சமையற்காரன். நூற்றைம்பது வருடத்துக் கட்டடம். மரச்சுவர், வெள்ளைத் துணி விரித்த மேசை, அன்றிலிருந்து மாறாத கன்றிறைச்சியும் உருளைக்கிழங்கும். என் சமையலுக்காக வருகிறவர்களைவிட நிலவறைக்காக வருகிறவர்கள்தான் அதிகம், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கீழே எண்ணாயிரம் போத்தல் படுத்திருக்கிறது. அதன் பூட்டுக்கான திறப்பு எட்டு வருடமாகச் செபஸ்ரியனிடம் இருந்தது.

ஆள் ஊரில் பேசாலைக்காரர். தொண்ணூற்றொன்றில் இங்கே வந்து டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினார். அங்கே தொடங்கிய குடி. லைசென்ஸ் போனது, வேலை போனது, மனைவி பெர்னடெற் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லோசானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாழ்வு நிலையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தவரை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை. நான்தான் முதலாளி அம்மா ஃப்ராவ் கெர்பரிடம் சொல்லி, கோப்பை கழுவச் சேர்த்துவிட்டேன். குடியைப் பற்றி மூச்சுவிடவில்லை. "அவ கேட்டா நான் சொல்லுவன் அண்ணை," என்றார் செபஸ்ரியன். அம்மா கேட்கவேயில்லை.

பழைய நிலவறைக்காரர் ஓய்வுபெற்றபோது, எந்தப் போத்தல் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவராக இவர் ஒருவர்தான் இருந்தார். வேண்டாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

"பொறுப்பா தந்த சாமானில நான் கை வைக்கமாட்டன். பயப்பிடாதேங்கோ."

அப்படியே நடந்தார். சுவைத்துப் பார்ப்பது ஃப்ராவ் கெர்பரின் வேலை. பழைய போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வைப்பதும், மெழுகுதிரி வெளிச்சத்தில் மண்டி கலங்காமல் குடுவைக்கு ஊற்றுவதும் இவர் வேலை. பெர்னடெற் அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் இவர் வேலையால் வந்ததும் மனைவிதான் ஜக்கெற்றைக் கழற்றி வாங்குவார். மணம் பார்க்கத்தான். செபஸ்ரியனும் அதற்கு வசதியாக நின்று கொடுப்பார்.

எங்கள் உணவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அருமையான போத்தலைத் திறக்கும் விருந்தாளிகள் கடைசிக் கிளாஸை நிலவறைக்காரருக்கு விட்டுவைப்பார்கள். அது பெரிய மரியாதை. செபஸ்ரியன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு கீழே போய், வினாகிரிப் பீப்பாவுக்குள் ஊற்றிவிடுவார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வினாகிரி விட்ட எங்கள் சாலட்டை ஊரே புகழ்ந்தது.

போன மாதம், ஒரு ஞாயிறு மதியம், ஹெர் லூத்தி வந்தார். எண்பத்தாறு வயது, ஒரு காலத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசு. வருடம் ஒருமுறை மனைவியோடு வந்து, தாங்கள் கல்யாணம் கட்டிய ஆண்டின் வைனில் ஒரு போத்தல் குடிப்பார். இந்த வருடம் மனைவி உயிரோடு இல்லை. இருந்ததும் கடைசிப் போத்தல். வழமைபோல் கிளாஸை விட்டுவைத்துப் போகாமல், செபஸ்ரியனை மேசைக்கு அழைத்தார். மனைவி வழக்கமாக இருக்கும் கதிரையைத் தானே இழுத்துவிட்டார்.

"இந்தப் போத்தல்களை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டவர் நீங்கள். என்னோடு இருந்து இதைக் குடியுங்கள்."

ஃப்ராவ் கெர்பர் பக்கத்தில் கண்கலங்கி நின்றார். நான் சமையலறை வாசலில் நின்று, வயிற்றுவலி, மருந்து, கார் ஓடவேண்டும் என்று தெரிந்த சாட்டுப்போக்கையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொடுத்தேன். செபஸ்ரியன் அந்தக் கதிரையில் இருக்கவில்லை.

"மன்னிக்கவேண்டும், ஹெர் லூத்தி. நான் குடிநோயாளி. பதினொரு வருடமாகக் குடிக்கவில்லை. இதைக் குடித்தால் எனக்கு வீடு இல்லை."

கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஃப்ராவ் கெர்பரின் முகம்தான் மாறியது.

நடைபாதையில் நான் செபஸ்ரியனைப் பிடித்துக்கொண்டேன். "உமக்கென்ன விசரோ? மருந்து எடுக்கிறன் எண்டு சொன்னா முடிஞ்சுது."

"குடிச்ச காலத்தில முதல்ல வாறது பொய்தான் அண்ணை. போத்தல் அதுக்குப் பிறகுதான். வாய் திறந்து ஒரு பொய் சொன்னனெண்டா பிறகு நான் அதோட நிக்கமாட்டன்."

மூன்று மணிக்கு ஃப்ராவ் கெர்பர் எங்கள் இருவரையும் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் நேர்மையை மதிக்கிறேன், உங்களை இனி இந்த ஆபத்தில் விட எனக்கு மனமில்லை, பழையபடி கோப்பை கழுவுங்கள், சம்பளம் குறையாது என்றார். திறப்பை மேசையில் வைக்கச் சொன்னார். எட்டு வருடம் எண்ணாயிரம் போத்தலுக்கு நடுவில் தன்னைத் தானே காத்துக்கொண்ட மனிதரை, உண்மை சொன்ன நாளில் காப்பாற்ற வெளிக்கிட்டார் அம்மா. செபஸ்ரியன் திறப்பை வைத்தார்.

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் இவரைக் கொண்டுவந்தீர்கள். உங்களுக்கு இது தெரியுமா?"

எனக்கு வயது அறுபத்தொன்று. பென்சனுக்கு நாலு வருடம் கிடக்கிறது. "தெரியாது," என்றேன்.

அவர் நம்பவில்லை. செபஸ்ரியனைப் பார்த்தார். "உண்மையா?"

செபஸ்ரியன் என் பக்கம் பார்க்கவில்லை.

"ஓம், அவருக்குத் தெரியாது," என்றார்.

தனக்காகப் பொய் சொல்லமாட்டேன் என்றவர், எனக்காகச் சொன்னார். வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். "உங்களை இந்த வயசில ஆர் எடுப்பினம்?" என்றுவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்குப் பதினாறாவது நாள். இதுவரை அவர் குடிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்று கோப்பை கழுவுகிறார், முன்போலக் கதைப்பதில்லை. வேலை முடிந்து போகும் வழியில் போத்தல் விற்கும் ஸ்டேஷன் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு நாளும் அவர் தாண்டிப் போகும்வரை நான் பின்னால் நின்று பார்க்கிறேன். நான் உண்மையைச் சொல்லக் கந்தோர்க் கதவுவரை இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் திரும்பி வந்து வெங்காயம் வெட்டினேன்.