என் வேடத்தைப் பட்டதாரிப் பிள்ளை போட்ட நாள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பகுதியில், பள்ளிக்கூடம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஜிந்துப்பிட்டியில் நாடக ஒத்திகை நடந்த கொட்டகையின் தகர இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் எனக்கு மேல்மாடி வைத்த வீடு இருக்கிறது. நடித்துக் கட்டிய வீடு. மேடை, வானொலி, கல்யாண வீட்டு அறிவிப்பு எல்லாம் செய்தேன். இருமல் மருந்து விளம்பரம் ஒன்றில் ஒருவர் இருமுவார். அந்த இருமலும் என்னுடையதுதான்.

கொழும்பில் மாதச் சம்பளம் கொடுத்துத் தமிழ் நாடகம் போடும் குழு ஒன்று இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். இருக்கிறது. அது இத்தனை காலம் ஓடுவதற்கு யார் காரணம் என்று நானே சொல்வது அழகில்லை. கேட்டால் சொல்லுவேன்.

எங்கள் இயக்குநர் ஒரு பெண். வெளிநாட்டில் நாடகம் படித்துவிட்டு வந்தவர். எல்லாரும் ‘மேடம்’ என்பார்கள், நான் மட்டும் ‘தங்கச்சி’ என்பேன். அவர்தான் சில வருடங்களுக்கு முன் இந்தப் பட்டதாரிப் பயிற்சியைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள் நாலைந்து பேரை ஒரு வருடத்துக்கு எடுப்பார். தனியாக வகுப்பறை கிடையாது. காலையில் குரலும் உடம்பும். மத்தியானம் எங்களோடு ஒத்திகை. காட்சி நாட்களில் பலகை தூக்குவது, உடுப்பு அயர்ன் பண்ணுவது, கூட்டத்தில் ஒரு ஆளாக மேடையில் நிற்பது. வருடக் கடைசியில், ஓடிக்கொண்டிருக்கிற நாடகத்தில் மூத்த நடிகர் ஒருவரின் வேடத்தை எடுத்து, டிக்கெட் வாங்கி வந்த சனத்துக்கு முன்னால் ஒரு நாள் முழு நாடகமும் நடிக்க வேண்டும். சரியாக வந்தால் குழுவில் வேலை. இல்லாவிட்டால் ஒரு தேநீரும் வாழ்த்தும்.

அன்றைக்கு வேடத்தை இழந்த மூத்தவருக்கும் ஒரு வேலை உண்டு. அவர் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, பிள்ளை வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். அவரைச் சபையில் உட்காரவிட்டால் முகத்தைச் சுளித்துப் பிள்ளையைக் குழப்பிவிடுவார் என்பதால் வந்த ஏற்பாடு. என் முகத்தைப் பார்த்து ஒரு பையன் மேடையிலேயே அழுததால்தான் இது வந்தது என்று ஒரு கதை உலாவுகிறது. அவன் அழுதது தூசியால்.

வசனம் எடுத்துக்கொடுக்கப்பட்டால் பிள்ளை தோற்றது. மறுபக்கமும் உண்டு: தேவையில்லாமல் பக்கத்திரையிலிருந்து வாயைத் திறந்த நடிகர், குழு அடுத்த தடவை வெளியூரில் நாடகம் போடப் பயணம் போகும்போது வீட்டில் இருக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் வீட்டில் இருந்ததில்லை.

இனி அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில். கணிதப் பட்டதாரி. முதல் நாள் நான் மண்டபத்துக்குள் போனபோது தரையில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தாள்.

“என்னம்மா, தலை சுத்துதா?”

“இல்லை அங்கிள். மூச்சு விடப் பழகிறன்.”

“இவ்வளவு நாளா மூச்சு விடாமலா இருந்த?”

“விட்டனான். பிழையா விட்டனானாம், மேடம் சொன்னவ.”

அங்கிள்! குழுவில் சின்னது பெரியது எல்லாம் என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடும். இவள் காய்கறிக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி அங்கிள் என்றாள். ஒரு வருடம் திருத்திப் பார்த்தேன், திருந்தவில்லை. ஆனாலும் வேடம் தெரிவு செய்யும் நாளில் அவள் என் வேடத்தைக் கேட்டாள். தூசியால் அழுத அந்தப் பையனுக்குப் பிறகு ஒரு பட்டதாரியும் அதைக் கேட்கத் துணிந்ததில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் என் செலவில் தேநீரும் சுடச்சுடப் பற்றீஸும் வந்தன.

நாடகத்தின் கதை கொம்பனித்தெருவில் நடக்கிறது. மாடிக் கட்டடம் கட்டுவதற்காக ஒரு ஒழுங்கையையே வாங்கிவிட்டார்கள். எல்லாக் குடும்பமும் போய்விட்டது, ஒரு கிழவர் மட்டும் வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் இருக்கிறார். கடைசியில் அதிகாரி வந்து கையை நீட்ட, கிழவர் “இந்தா, எடுத்துக்கொண்டு போ” என்பார். அவ்வளவுதான் நாடகம். நான் அந்த இடத்தில் சாவியை வீசி ஒரு கர்ஜனை கர்ஜிப்பேன். ஒருமுறை சாவியை மூன்றாம் வரிசையில் தேடி எடுத்தார்கள். கைதட்டல் நிற்காது.

அவளுக்காகக் கிழவரைக் கிழவியாக்கினார்கள். சாரம் போய்ச் சேலை வந்தது, வசனம் அப்படியே இருந்தது.

ஒத்திகைக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். “ஒருக்கா வாங்கோ அங்கிள். கடைசி இடத்தை நான் வேற மாதிரிச் செய்யிறன்.”

“நீ தலைகீழா நின்னு செஞ்சாலும் வசனம் ஒண்ணுதானே? எனக்குத் தூக்கத்திலயும் வரும், போ.”

எனக்கெதற்கு ஒத்திகை? அந்த வாரம் ஒரு கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுக்கும் வேலையும் இருந்தது. கரடி நன்றாக வந்தது.

காட்சி ஞாயிற்றுக்கிழமை பின்நேரம். வாசலில் அவளுடைய அப்பா நின்றார். ஓய்வுபெற்ற அலுவலர், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

“நீங்கள்தானே பெரியவர்? பிள்ளைக்கு நாளைக்கு பேங்கில வேலை தொடங்குது. ஒரு வருசம் உன்ர விருப்பம், அவை எடுக்காட்டி என்ர விருப்பம் எண்டு பேசி வைச்சனாங்கள். இண்டைக்கு முடிவு தெரியும்தானே?”

“தெரியும்” என்றேன்.

“நடிப்பு வருமோ அவளுக்கு?”

“என் வேடம் சார் அது. வர்றது கஷ்டம்தான்.”

அவர் முகம் தெளிந்ததா வாடியதா என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பொய் சொல்லக்கூடாது, பிள்ளை நன்றாகவே செய்தாள். கிழவி நடந்து வந்தபோது சிலருக்கு அடையாளமே தெரியவில்லை. பக்கத்திரையில் நின்ற எனக்கு வேலையே இல்லை. அவள் வசனம் பேசும்போதெல்லாம் என் வாயும் சேர்ந்து அசைந்தது. எங்கள் லைட் பார்க்கும் சிங்களப் பையன், சத்தம் போடாதே என்று “அய்யே, சத்த கரன்ட எபா” என்று இரண்டு தரம் சொன்னான்.

கடைசிக் காட்சி. அதிகாரி கையை நீட்டினார். அவள் சாவியைப் பார்த்தாள், பேசவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பேசவில்லை. சாவியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அப்போதும் பேசவில்லை.

போச்சு, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். முன்வரிசையில் அந்த வெள்ளைச் சேர்ட் தெரிந்தது. ஒரு வருடம் தரையில் படுத்து மூச்சு விட்ட பிள்ளை இந்த ஒரு வசனத்தில் விழப்போகிறதே என்று திரையின் ஓரத்துக்கே போய்விட்டேன். கொடுத்தால் தோல்வி என்பதெல்லாம் அந்த நேரம் மண்டையில் இல்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

“இந்தா, எடுத்துக்கிட்டுப் போ!”

என்னுடைய மெதுவு வேறு. புறக்கோட்டைச் சந்தையில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் தெருவின் இந்த முனையில் வழி விடச் சொன்னால் அந்த முனையில் விலகுவார்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது. அதிகாரி வேடம் போட்டவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். லைட் பையன் தலையில் கை வைத்தான்.

அவள் மெல்லத் திரும்பி, நான் நின்ற பக்கத்தைப் பார்த்தாள். கிழவியின் குரலிலேயே சொன்னாள்:

“பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன அவசரம்? நான் இன்னும் குடுக்கேல்லை.”

சனம் வெடித்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு முழுக்க அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு இன்னொரு மௌனம், முன்னதைவிடப் பெரியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பக்கத்தில் இருக்கிற ஆளிடம் உப்புக் கேட்கிற மாதிரி “இந்தா, எடுத்துக்கொண்டு போ” என்றாள். முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டை தேடினார்கள். கர்ஜித்தும் செய்யலாம், இப்படியும் செய்யலாம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

காட்சி முடிந்து மேக்கப் அறையில் எல்லாரும் கூடினோம். அவளுடைய அப்பாவும் வந்து கதவோரம் நின்றார். தங்கச்சி என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நேராக் கேக்கிறேன். பிள்ளை மறந்திட்டுதுன்னு வசனம் எடுத்துக் குடுத்தீங்களா? இல்ல, உங்க வாய் தவறிச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

எடுத்துக் கொடுத்தேன் என்றால் பிள்ளை நாளைக்கு பேங்குக்குப் போகும். வாய் தவறியது என்றால் நான் வீட்டில் இருக்க வேண்டும். அதைவிட, என் வாய் தவறியது என்று கொழும்பு முழுக்கக் கதை வரும். அவள் கிழவி வேடத்து மையைத் துடைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ரெண்டும் இல்ல தங்கச்சி” என்றேன். “நான் நடிச்சேன்.”

“என்னத்த நடிச்சீங்க?”

“பக்கத்து வீட்டுக்காரன். மதிலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன். ஊரே அந்தக் கெழவிய அவசரப்படுத்துதுன்னு காட்ட ஒரு ஆள் வேணும்ல? எழுதினவரு மறந்துட்டாரு, நான் போட்டேன். சனம் சிரிச்சுதா இல்லையா?”

லைட் பையன்தான் முதலில் சிரித்தான். தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு அவளிடம் திரும்பினார். “ரெண்டு பேரும் பேசி வச்சதா?”

“பேசி வைக்கேல்லை மேடம்” என்றாள் அவள். “ஆனா அங்கிளுக்கு அந்த வேசம் நல்லாப் பொருந்துது.”

“அப்ப வசனம் எடுத்துக் குடுக்கப்படல. நீங்க நாளையில இருந்து எங்க ஆள்.”

கதவோரத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. “அப்ப பேங்குக்கு நான் என்னெண்டு சொல்லுறது?” என்றார் அப்பா.

“பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு சொல்லுவிப்பம் அப்பா. தூரத்துக்கும் கேக்கும்.”

அவரும் சிரித்துவிட்டார். மகளின் தலையில் கை வைத்தார், நரைக்காகப் பூசிய வெள்ளை மை கையில் ஒட்டிக்கொண்டது.

நான் மெல்ல நழுவப் பார்த்தேன். தங்கச்சி விடவில்லை.

“அண்ணே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நாடகத்துக்கு ரொம்ப நல்லா இருக்கார். அடுத்த பயணம் ஹட்டன்தானே, அந்தக் காட்சிகளுக்கும் வச்சிடுவோம். கெழவி அவ. மதிலுக்குப் பின்னால நீங்க.”

எல்லாரும் என் கர்ஜனைக்குக் காத்திருந்தார்கள். நடித்தேன் என்று சொன்னது நான்தான், இனி எந்த வாயால் மறுப்பது?

“மதில் எவ்வளவு உயரம்?” என்று கேட்டேன்.

“ஏன்?”

“தலை தெரியணும்ல?”

ஒரு முக்காலி தருவதாகச் சொன்னார்கள். ஹட்டனில் மதிலுக்கு மேலே என் தலை வந்ததும் மண்டபம் கைதட்டியது. சந்தேகம் என்றால் அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். அவளுக்குக் கைதட்டல் எனக்குப் பிறகுதான் வந்தது.