சுவத்தைப் பார்த்த ஷூக்கள்

ஆறு பிணத்தை வச்சு நூறு வருஷமா சாப்பிடுற ஊர் பெல்லமி. அமெரிக்காவுல, அயோவா மாநிலத்துல இருக்கு. 1909-ல லண்ட்கிரன் குடும்பத்துல ஆறு பேரைத் தூக்கத்துலயே கோடாலியால வெட்டிப் போட்ட வீடு அங்கதான். வெட்டினவன் யாருன்னு இன்னிக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் அந்த வீட்டைப் பார்க்கவும் ராத்திரி தங்கவும் டிக்கெட் விக்கும்.

அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறவ வெர்னா கோல்ஸ்டட். வயசு அறுபத்தொண்ணு. பன்னி வெட்டுற ஃபாக்டரியில இருபத்திரண்டு வருஷம் நின்னதுல ரெண்டு முட்டியும் போச்சு. ஃபாக்டரியை மூடிட்டாங்க. வேற போக்கில்லாம இங்க வந்தா. காலையில ஏழரைக்கு வந்து, ராத்திரி தங்கினவங்களை எழுப்பி அனுப்பணும். பழைய ரத்தத்தைத் துடைச்சுட்டுப் புது ரத்தம் ஊத்தணும். சோளப் பாகு, சிவப்புச் சாயம், கொஞ்சம் கொக்கோ, அவ்வளவுதான் ரத்தம். தங்க வர்றவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. சொந்தமா ரத்தம் கொண்டுவந்து பூசிக்கிட்டு, பிணம் மாதிரி கிடந்து படம் எடுத்துக்குவாங்க. பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போச்சு.

அந்த வியாழக்கிழமை, மாடி ரூம்ல ஒருத்தன் குப்புறக் கிடந்தான். சுத்தி ரத்தம்.

"எந்திரி தம்பி, நடிச்சது போதும். ஒன்பதுக்கு அடுத்த கூட்டம் வருது."

அசையல.

"சரி, கிட. நான் சுத்தித் துடைச்சுக்கறேன்."

துடைச்சா. பாகுன்னா மாப்பு ஒட்டும். இது வழுக்குச்சு. ஃபாக்டரித் தரையில வழுக்கின அதே வழுக்கல். குனிஞ்சு அவன் கையைத் தூக்கினா, சில்லுன்னு இருந்துச்சு. பக்கத்து ரூம்ல அவன் பொண்டாட்டிக்கும் அதே கதி.

ஷெரிஃப் ஆபீஸ்லருந்து மார்லிஸ் வந்தா. முப்பது வயசுப் போலீஸ் பொண்ணு. பக்கெட்டைப் பார்த்துத் தலையில கை வச்சுக்கிட்டா.

"கால் தடம், கைரேகை, எல்லாத்தையும் கரைச்சு ஊத்திட்டீங்களே வெர்னா!"

"என் வேலையைத்தான் பார்த்தேன்."

மத்தியானத்துக்குள்ள ஆர்லோவைப் பிடிச்சாங்க. வீட்டைச் சுத்திக் காட்டிக் கதை சொல்றவன். லண்ட்கிரன் குழந்தைங்க செத்த கட்டில்ல ஏறிக் குதிச்சாங்கன்னு முந்தின நாள்தான் அந்த ஜோடியோட சண்டை போட்டிருந்தான். வெட்டினது அந்த வீட்ல காட்சிக்கு வச்சிருந்த கோடாலியால; அதுல அவன் ரேகை இருந்துச்சாம். தினம் ஆறு தடவை அதைத் தூக்கிக் காட்டுறவன் ரேகை இல்லாம வேற யார் ரேகை இருக்கும்?

வெர்னாவை ஒரு விஷயம் உறுத்துச்சு. மாடியில கட்டிலுக்குக் கீழ லண்ட்கிரன் குடும்பத்து ஷூ ஆறு ஜோடி இருக்கும், எல்லாம் கதவைப் பார்த்து. புதன்கிழமை சாயங்காலம் அவளே தூசி தட்டி அப்படித்தான் வச்சா. காலையில எல்லாம் சுவத்தைப் பார்த்துத் திரும்பியிருந்துச்சு. போலீசுக்கு அது வித்தியாசமாவே படல. அவளும் வாயைத் திறக்கல. துடைச்ச அவமானமே போதும்னு இருந்தா.

மறுநாள் காலையில வீட்டுச் சொந்தக்காரன் ராய்ஸ் ஹேவர்கேம்ப் ஒரு பெட்டி டோனட்டோட அவ வீட்டுக்கு வந்தான். சம்பவத்தன்னிக்கு ஒமாஹாவுல தங்கச்சி வீட்ல இருந்தேன்னு போலீஸ்ல சொன்னவன். அந்த மாடிக்கு அவனை இன்னும் போலீஸ் விடல.

"போன வருஷம் ஈ ஓட்டினோம் வெர்னா. இப்பப் பாரு, அக்டோபர் வரைக்கும் ரூம் இல்ல. உன் வேலையை நிரந்தரமாக்கிடறேன். இன்சூரன்ஸோட. முட்டி ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"ஆர்லோ?"

"அது போலீஸ் வேலை. நீ ஒண்ணு செய். ஷூவை யாராவது கேட்டா, நான்தான் திருப்பி வச்சேன்னு சொல்லிடு. சனிக்கிழமையிலருந்து சுவத்தைப் பார்த்து வை, படத்துக்கு நல்லாருக்கும்னு போன வாரம் சொன்னேன்ல? முன்கூட்டியே வச்சுட்டேன்னு சொல்லு."

வெர்னா டோனட்டைக் கீழ வச்சா.

"ஷூ திரும்பியிருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

அவன் டோனட் பெட்டியை மூடினான். அப்புறம் சிரிச்சான்.

"பிணத்தைச் சுத்தித் துடைச்சவ நீ. உன் பேச்சை எவன் நம்புவான்?"

அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அவன் போனப்புறம் அவ எந்திரிச்சு நின்னு பார்த்தா. முட்டி வலிச்சுச்சு. ஆபரேஷன் பண்ணினா நல்லா நடக்கலாம். ஆர்லோ ஜெயிலுக்குப் போனா சாகுற வரைக்கும் வெளிய வர மாட்டான். கோட்டை மாட்டிக்கிட்டு ஷெரிஃப் ஆபீசுக்கு நடந்தா.

"எழுதிக்கோ மார்லிஸ். நான் துடைச்சதையும் சேர்த்து எழுது."

மார்லிஸ் ஒமாஹாவுக்குப் போன் போட்டா. தங்கச்சிக்காரி மூணாவது கேள்வியிலயே அழுதுட்டா. ராய்ஸ் அங்க வரவே இல்லையாம். ஆர்லோவை விட்டுட்டாங்க. ராய்ஸ் உள்ள போனான். வீட்டுக்குப் பூட்டுப் போட்டாங்க. மோட்டல் காலி, கடைத்தெரு காலி.

திங்கக்கிழமை வெர்னா காபிக் கடைக்குப் போய் உக்காந்தா. கல்லாவுல ட்ரூடி. இருபது வருஷப் பழக்கம்.

"வந்துட்டா பாரு, ஊர்ச் சோத்துல மண்ணள்ளிப் போட்ட மகராசி."

"காபி குடு ட்ரூடி."

ட்ரூடி திரும்பிக்கூடப் பார்க்கல. வெர்னா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. கல்லாவுக்குப் பின்னால போய்த் தானே ஊத்திக்கிட்டு வந்து உக்காந்தா.