குகட்பள்ளி மொட்டை மாடியில் ப்ளூஸ்

செகந்திராபாத் லோத்குண்டாவில் கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ், போயினபள்ளி, பாலாநகர் எல்லாம் சுற்றிக்கொண்டு குகட்பள்ளிக்கு வருவதற்குள் நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். மாதாப்பூரில் புதிதாக எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி நிறுத்தத்தில் ஏறும் ஒருவன் தினமும் என் பக்கத்து இருக்கைக்குத்தான் வருவான். பெண் பக்கத்தில் உட்கார மற்ற ஆண்கள் தயங்குவதால், வேறு இருக்கை மிச்சமிருக்காது. என் டீம்தான். உட்கார்ந்ததும் காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவான்.

அவனும் தமிழன் என்று தெரியவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். அவன் தமிழில் பாதி தெலுங்கு, மிச்சத்தில் பாதி தக்கினி உருது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியைக் கொஞ்சமும் சிந்தாமல் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவன் பேசுவது எனக்கு வேறொரு மொழியாகவே கேட்கும்.

ஒருநாள் மாதாப்பூர் நெருங்கும்போது மழைத் தண்ணீரில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் சலித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தோம். அவன் காதிலிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

முதலில் ஒரு கிழக்குரல் ஒரு வரி பாடியது. பாடி நிறுத்தியது. அந்த இடத்தில் கிட்டார் வந்தது. நாலைந்து சுரங்கள்தான். கடைசிச் சுரம் தன் இடத்துக்கு நேராக வரவில்லை. கீழே ஒரு இடத்தில் கிளம்பி, மெல்ல ஏறி, மேலே போய் நின்று நடுங்கியது. அடுத்த வரியை அவர் பாடினார். மறுபடி கிட்டார். ஆங்கிலம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. எனக்கு அப்போது அப்படிப் போனவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் ஒரு சொல் தவறிவிடாமல் இயர்போனைக் கையால் பொத்திக்கொண்டேன். பஸ் கிளம்பியபோது அவன் அதைத் திருப்பிக் கேட்பானோ என்று பயமாக இருந்தது. அவன் கேட்கவில்லை.

அந்த கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அட்டையில் அந்தப் பாடகரின் படம். கண்ணை இறுக மூடி, வாயைக் கோணி, நெற்றியெல்லாம் சுருக்கம். அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இவருக்கு என்ன, வயித்து வலியா?" என்றார். அப்பா பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே கேட்ட சத்தத்தில் வலது காது போய்விட்டது. இடது காதும் அரைகுறைதான். அதனால் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசுவோம், அவர் எங்களைவிடச் சத்தமாகப் பேசுவார்.

அட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அவரைப் பற்றி நாலு பத்தி இருந்தது. ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டைப் பாடுபவர், பருத்திக் காட்டில் பிறந்தவர், ஏழையாக வளர்ந்தவர், கிழவரான பிறகும் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருப்பவர். அதை எத்தனை தடவை படித்திருப்பேனோ. இன்டர்நெட் சென்டரில் அவர் படம் ஒன்றை இறக்குவதற்காகக் காத்திருந்ததும் உண்டு. மேலேயிருந்து கீழே அங்குலம் அங்குலமாக முகம் திறந்துகொண்டு வரும். எனக்கு அதுவரை யார் மேலும் அப்படி ஒரு பைத்தியம் பிடித்ததில்லை. சினிமா நடிகர்களின் படம் ஒட்டும் வயதில் நான் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை எல்லாம் இவரிடம் தீர்த்துக்கொண்டேன் போலிருக்கிறது.

அவனிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. இன்னொரு பழைய மரக் கிட்டாரும் இருந்தது. எனக்கும் சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். தனக்கே தெரியாது, சேர்ந்து தெரிந்துகொள்ளலாம் என்றான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு மொட்டை மாடி என்று முடிவாயிற்று. மூன்று பையன்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு அது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் திட்டவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து, "நானும் வாரேன்" என்றார்.

நிஜமாகவே வந்தார். அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கொண்டு போனேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் நிழல் விழும் இடமாகப் பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். நான் வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனோ, அங்கிளுக்கு டீ என்று கீழே ஓடினான். அன்றைக்கு ஆரம்பித்து, அவன் இந்தியாவை விட்டுப் போகும் வரை, நாங்கள் வாசித்த எல்லாச் சனிக்கிழமையும் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். முன்பக்கச் செய்தியிலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிப்பார். அது முடிந்தால், தொட்டியின் மேல் வந்து உட்காரும் கிளிகளைப் பார்ப்பார்.

தந்தியை வளைப்பதுதான் முதல் பாடம். மோதிர விரலால் தந்தியை அழுத்தி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பின்னால் முட்டுக் கொடுத்து, அப்படியே மேலே தள்ள வேண்டும். சுரம் ஏறும். ஆனால் எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவுதான் ஏற வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் அழுகுரல் சிணுங்கலாகிவிடும். சின்ன வயதில் அம்மா என்னை வீணைக்கு அனுப்பியிருந்தாள், இரண்டு வருடம். தந்தியை இழுத்துச் சுரம் பிடிப்பது எனக்கு முழுக்கப் புதிதில்லை. ஆனால் வீணை டீச்சர் முன்னால் வராத கண்ணீர் இங்கே விரல் வலியில் வந்தது. விரல் நுனி கொப்பளித்து, உரிந்து, காய்த்துப்போனது. அலுவலகத்தில் கீபோர்டைத் தொட்டால் மரக்கட்டையால் தட்டுவது போலிருக்கும்.

கொஞ்சம் வரத் தொடங்கியதும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. கேசட்டில் அவர் நாலு சுரம் வாசிக்கும் இடத்தில் நான் பதினாறு வாசித்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கையைத் தூக்கி நிறுத்தினான்.

"கைக்கு இவ்ளோ அவசரம்? நக்கோ, வேணாம். நீ கேள்வியும் கேக்குற, பதிலும் நீயே சொல்லிடுற. நான் எதுக்கு இங்க?"

அதற்குப் பிறகு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வரி நான். வரியின் கடைசியில் நிறுத்திவிட வேண்டும். அவன் பதில் வாசிப்பான். அவன் முடிக்கும் வரை நான் தந்தியைத் தொடக்கூடாது. அடுத்த சுற்றில் அவன் கேட்பான், நான் பதில். சும்மா இருப்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அப்பா பேப்பருக்கு மேலாக எங்களை மாறி மாறிப் பார்ப்பார். அவர் காதில் எவ்வளவு விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் அவனுக்கு விசா வந்தது. அந்த நாட்களில் விசா வந்தவனுக்கு யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரையும் அதன் சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் என்னிடம் கொடுத்துவிட்டு, மரக் கிட்டாரை செகந்திராபாத்தில் அம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். எங்களுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று பின்னால் என் கணவர் உட்படப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக எழுத வராது.

தனியாகக் கற்றுக்கொண்டேன். டேப்ரிக்கார்டர் பட்டனை அமுக்கி, ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி. பஸ்ஸில் முதலில் கேட்ட அந்தப் பாட்டு முழுவதும் வந்துவிட்டது என்று நான் நம்பிய சமயத்தில் அவன் அமெரிக்காவிலிருந்து அதே பாட்டின் சிடியை அனுப்பினான். போட்டுக்கொண்டு கூட வாசித்தேன். ஒரு சுரம்கூடச் சேரவில்லை. என் கேசட் ஓடி ஓடித் தளர்ந்து, பாட்டே அரைச் சுரம் கீழே இறங்கியிருந்தது. அந்த இறங்கிய பாட்டுக்குத்தான் நான் தந்திகளைச் சுருதி சேர்த்திருந்தேன். அன்று முழுவதும் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. தந்திகளை முறுக்கி ஏற்றியதும் விரல்கள் தாமாகவே தம் இடத்துக்குப் போய்விட்டன.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போட்டிருந்தாள். வீட்டுக்கு எதிரே பட்டாளத்து மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம். ஹாலில் போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். பிறகு அவன் குரல், கத்திச் சொல்வது போல.

"அவரு இங்க வாசிக்கிறாரு. நான் உள்ளதான் இருக்கேன். பேசாத, கேளு."

போனை மேலே தூக்கிப் பிடித்துவிட்டான் போலிருக்கிறது. கூட்டத்தின் இரைச்சல், யாரோ விசிலடிக்கிறார்கள், எங்கேயோ தகரப் பெட்டிக்குள் அடிப்பது போல ஒரு டிரம். அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. கேசட்டில் கேட்டதைவிடக் கிழடாகியிருந்தது. வரி முடிந்தது. கிட்டார். அந்தச் சுரம் கீழே கிளம்பி, ஏறி, நின்றது. கடல் தாண்டி, எங்கள் வீட்டுக் கறுப்பு ரிசீவருக்குள் வந்து நடுங்கியது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு, எந்த விரல், எந்தத் தந்தி என்று மனதுக்குள் வாசித்துக்கொண்டே கேட்டேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். இடது காதில் அழுத்தி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். திருப்பிக் கொடுக்கும்போது தன் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தம்பி அழுதுகிட்டுல்லா இருக்கான்."

வாங்கிக் கேட்டேன். ஆமாம். பாட்டுக்கும் கைதட்டலுக்கும் இந்தப் பக்கம், போனுக்கு வெகு அருகில், மூக்கை உறிஞ்சும் சத்தம். பேசாதே என்றுதானே சொல்லியிருந்தான், கேட்டுக்கொண்டே நின்றேன். பாட்டு முடிவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அம்மா போனபின் அப்பா எங்களோடு வந்துவிட்டார். கிட்டார் வாசிப்பதை நான் விடவில்லை. மேடை கீடை எதுவும் இல்லை, வீட்டில்தான். அவனிடமிருந்து மெயில் வருவது வருடத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்து, பிறகு நின்றது.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவன் அம்மா எனக்குப் போன் செய்தார். அமெரிக்காவில் வேலை போய்விட்டது, வந்துவிட்டான், குகட்பள்ளியில் அவன் முன்பு வாடகைக்கு இருந்த அதே கட்டடத்தில் வாங்கிப்போட்ட வீட்டில் இருக்கிறோம், வந்து ஒரு மாதமாகிறது, யாரோடும் பேசுவதில்லை என்றார். அந்த வருடம் எங்கள் அலுவலகத்திலும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. போனை வைத்துவிட்டு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை போவோம் என்றார்.

காரின் பின்சீட்டில் கிட்டாரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் வைத்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்தவனை எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. தலைமுடி குறைந்து, உடம்பு பெருத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும், "அங்கிள், பேப்பர் எங்க?" என்றான். அவ்வளவுதான் பேசினான். மாடிக்குப் போகலாமா என்றேன். வேண்டாமென்று சொல்லத் தெம்பில்லாதவனாகப் பின்னால் வந்தான். அவன் அம்மா மரக் கிட்டாரை எடுத்து வந்து தொட்டிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

முன்பு அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் பாறைகள் தெரியும். இப்போது சுற்றிலும் அபார்ட்மென்ட்கள்தான் தெரிந்தன. நான் இரண்டு கிட்டாரையும் சுருதி சேர்த்து, அந்தப் பாட்டின் முதல் வரியை வாசித்து நிறுத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி வாசித்து நிறுத்தினேன். பக்கத்து மாடியில் துணி உதறும் சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை வாசித்துவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் தந்தியில் கையை வைத்தபடி இருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது இடது காதும் பெரும்பாலும் போயிருந்தது. நாற்காலியிலிருந்து, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"தம்பி, அவ கேட்டுட்டுச் சும்மா நிக்காள்லா. பதில் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, முகம் கோணிக்கொண்டு போனது. கிட்டாரை எடுத்தான். பல வருடம் தொடாத விரல்கள். மரக் கிட்டாரின் தந்தி தடிமன் வேறு. தள்ளிப் பார்த்தான். சுரம் பாதி ஏறி நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினான். ஏறிய சுரம் சரியான இடத்துக்கு வரவில்லை, ஆனால் பதில்தான் அது. நான் அடுத்த வரியை வாசித்துக் கேட்டேன்.

அப்படியே இருட்டும் வரை போனது. கொசு கடிக்கத் தொடங்கியபோது அவன் விரல் நுனியில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, அங்கே என்ன நடந்ததென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினான். வேலை போனதைவிட வேலை இருந்த காலம்தான் மோசமாக இருந்தது என்றான். அந்தக் கச்சேரிக்குக்கூடத் தனியாகத்தான் போனானாம். எனக்குப் போன் செய்ததற்கு அது ஒன்றுதான் காரணம், பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஆளில்லை என்றான். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார், கேட்டதோ இல்லையோ.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் அலமாரியில் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சாவியை முன்பே எடுத்துப்போயிருந்த அப்பா, மடியில் பேப்பரோடு முன்சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டி அடித்துக்கொண்டிருந்தார்.