மைக்கில் கட்டிய பாலம்

தேர்தல் வந்தால் வேட்பாளருக்குக் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை வலிக்கும், வாக்காளருக்குத் தலை வலிக்கும். ஆட்டோவில் மைக் பிடித்து ஓட்டுக் கேட்கிற எங்களுக்குத் தொண்டையும் போகும், மானமும் போகும்.

திருவண்ணாமலையில் எனக்கு ‘மைக்கு’ என்றே பெயர். தீபக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளை அறிவிப்பேன். ஆடித் தள்ளுபடி சொல்வேன். தேர்தலானால் எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவேன். எழுதித் தருவது அவர்கள், கத்துவது நான். ‘சரக்கு நாளைக்கு வந்துடும்’ என்று முதலாளி சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு, மறுநாள் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களே, நீங்கள்தான் என் கட்சி. என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

சொன்ன வாய்

எங்கள் தெரு அடி அண்ணாமலையில் ஓடைக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் கிரிவலப் பாதைக்கு வர வேண்டுமென்றால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். பக்கத்து வீட்டு முனியம்மாக்கா புருஷன் இல்லாதவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்குச் சுண்டல் விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டினாள். அவளுக்கு ஓடையைத் தாண்டினால்தான் சோறு.

1989 தேர்தலில் கட்சிக்காரர்கள், “உன் தெருதானே, நீ சொன்னா நம்புவாங்க” என்று என்னையே அங்கே அனுப்பினார்கள். ஓடைக்குப் பாலம் உறுதி என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே திரண்டு ஓட்டுப் போட்டது. ஜெயித்தவர் அப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஐப்பசி மழையில் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் சுண்டல் குண்டானோடு ஓடையில் இறங்கினாள். அந்தக் கட்சி இப்படி ஏமாற்றிவிட்டதே என்று கரையில் நின்று நான் பொருமினேன். அவள் நடுத்தண்ணீரில் நின்று திரும்பினாள்.

“கட்சி மூஞ்சிய நான் எங்கப்பா பாத்தேன்? பாலம் வரும்னு எனக்குச் சொன்னது உன் வாய்தான்.”

வழவழ கல்

இரண்டே வருஷத்தில் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. 1991-இல் மற்றக் கட்சி வந்தது. இவர்கள் ஒரு படி மேலே போனார்கள். பந்தல் போட்டு, மாலை போட்டு, பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த விழாவுக்கும் நான்தான் மைக். பளிங்குபோல இழைத்த கல்லில் மந்திரியிலிருந்து கிளைச் செயலாளர் வரை எல்லார் பெயரும் இருந்தது. கல்லோடு சரி, ஒரு கூடை மணல்கூட வரவில்லை.

1996-இல் ஆட்சி மறுபடி மாறியது. வேங்கிக்கால் சர்க்கார் அலுவலகத்தில் போய்க் கேட்டால், “அது போன ஆட்சி வெச்ச கல்லுங்க” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல் போன ஆட்சியுடையது என்றால், ஓடை எந்த ஆட்சியுடையது? கொதித்துக்கொண்டே ஊர் திரும்பினேன். அந்த அடிக்கல் வெள்ளத்தில் பெயர்ந்து ஓடையோரம் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் முனியம்மாக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். “ஏங்கா, மந்திரி பேர் இருக்கிற கல்லாச்சே?” என்றேன்.

“மத்த கல்லெல்லாம் சொரசொரன்னு கீது, பொடவ கிழியுது. கட்சிக்காரன் குடுத்ததுல இது ஒண்ணுதாம்பா ஒழுங்கா இருக்குது.”

பழகின நாக்கு

1998 பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கூட்டணிக்குக் கத்தினேன். எதிர்க் கூட்டணித் தலைவரைத் துரோகி என்று எழுதித் தந்தார்கள், அப்படியே முழங்கினேன். ஒரு வருஷம் போனதோ இல்லையோ, டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தது. மறுபடி தேர்தல். அதற்குள் இங்கே கூட்டணி தலைகீழ். போன தடவை துரோகியாக இருந்தவர் இந்தத் தடவை எங்கள் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்.

அவர்களுக்குச் சால்வையை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. என் நாக்கு அப்படியா? கீழ்பென்னாத்தூர் கடைத்தெரு, உச்சி வெயில். வேர்க்கடலை வியாபாரிகள் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பழக்க தோஷத்தில் போன வருஷச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டுவிட்டேன். அதோடு விட்டேனா? “துரோகிக்குப் பாடம் புகட்டுங்கள்” என்று உருக்கமாக முடித்தேன். கடைத்தெருவே கை தட்டிச் சிரித்தது. ஒன்றியச் செயலாளர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். “அண்ணே, போன வருஷம் நீங்கதானே துரோகின்னு எழுதிக் குடுத்தீங்க?” என்றேன். கூட்டணி மாறினவனுக்குக் கூச்சம் இல்லை, மாற மறந்தவன்மேல் பாய்ச்சல்.

“அது போன வருஷம்யா. இப்ப அவரு நம்ம ஆளு, நீதான் துரோகி!”

எந்த ஓடை?

அடுத்த மழையில்தான் அது நடந்தது. கார்த்திகைப் பௌர்ணமி, கூட்டம் ஜாஸ்தி வரும் நாள். முனியம்மாக்கா பெரிய குண்டானாகத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். பாசியில் கால் வழுக்கியது. சுண்டல் எல்லாம் தண்ணீரோடு போக, அவளைக் கட்டிலில் போட்டு நாங்கள் ஓடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதன்பிறகு அவளால் குண்டானைத் தூக்க முடியவில்லை, வியாபாரம் நின்றது. அவள் விழுந்த இடத்தில்தான் ஒவ்வொரு தேர்தலிலும் என் வாய் பாலம் கட்டியிருந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

2001 தேர்தலில் அதே தெரு, அதே வாக்குறுதி. தேர்தல் எப்போதும் ஓடை காய்ந்திருக்கும்போது பார்த்துத்தானே வருகிறது! வேட்பாளரின் திறந்த ஜீப், ஓடை நடுவில் மணலில் நின்றது. பாலத்தைச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டினார்கள். எனக்கு வாய் வரவில்லை. “இந்த ஒண்ண மட்டும் நீங்களே சொல்லுங்க சார். இவங்க உங்க வாயால கேக்கட்டும்” என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

மனிதர் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். “தாய்மார்களே! உங்கள் நெடுநாள் கோரிக்கையான...” என்று தொடங்கி நிறுத்தினார். மைக்கை அணைக்காமலே என் பக்கம் குனிந்து, “எந்த ஓடைய்யா?” என்றார். ஜீப்பின்மேல் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழாயும் அதை மலைவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்த முனியம்மாக்காதான் பதில் சொன்னாள்.

“நீங்க நிக்கறீங்களே, அதாங்க. ஐப்பசில வந்து இதே எடத்துல நில்லுங்க, யாரையும் கேக்க வேணாம்.”

பாலம் வரவில்லை, ஆனால் அன்று முதல் ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சி வண்டியும் ஓடையில் இறங்குவதில்லை, அக்கரையிலேயே நின்று குழாயை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக் கத்திவிட்டுப் போகிறது.