டூட்டி கலாஸ்

குவைத்தில், மங்காஃபில் என்னோடு ஒரே ரூமில் இருந்த ஏசி டெக்னீஷியன் குளச்சல்காரர், ஆறடி ஆள். கரப்பான் பூச்சியைக்கூட அடிக்காமல் காகிதத்தில் ஏந்திப் போய் வெளியே விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பழைய போர்ப் படம் ஒன்று போட்டேன். கொல்வது பாவம் என்று போருக்குப் போக மறுத்த படத்தின் நாயகன், கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்து எதிரியைத் துப்பாக்கியால் குறிபார்த்தான். அவர் தலையணையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்கண்ணே, அவன் சாக மாட்டான்.”

“அது தெரியும் தம்பி. சுட்டுருவானோன்னுதான் பயம்.”

அவர் மகன் ராணுவத்தில், எல்லையில் இருந்தான். சில நாட்களாக அவனிடமிருந்து போனே இல்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகனின் குரல் வந்தது.

“டூட்டி கலாஸ்ப்பா.”

கலாஸ் என்றால் அரபியில் ‘முடிந்தது’; வேலை முடிந்ததும் அப்பா சொல்லிக் கேட்டு அவனுக்கும் பழகிய சொல்.

என்ன முடிந்தது என்று அவர் கேட்கவில்லை.

“சாப்பிட்டியா மக்களே?” என்றார்.