பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவில் ஒரு மாம்பழம்

பாரிசில், லா சப்பலில் நான் ரோல்ஸ் சுற்றும் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுபவர் மாலி நாட்டுக்காரர். எங்களிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட தமிழில் பாதி சமையலறை ஏச்சு. "கெதியா அக்கா, கெதியா!" என்று என்னையே விரட்டுவார்.

அவருடைய கிராமத்தில் பாதி வகுப்புகள் மாமரத்தடியில்தான் நடக்கின்றனவாம். மழை வந்தால் பள்ளிக்கூடம் இல்லை.

"மாங்காய் பிள்ளையளின்ரை தலையிலை விழாதோ தம்பி?" என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை போட்ட பள்ளிக்கூடத்தையே எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்தவள் நான். கூரையே இல்லாமல் படிக்கிற பிள்ளைகளை நினைக்க நெஞ்சு படபடத்தது. அது படபடக்கப் பெரிய காரணம் தேவையில்லை; பஸ் நேரத்துக்கு வந்தாலும் ஏன் வந்தது என்று யோசிப்பேன்.

புது வகுப்பறைகளுக்கு ஊர்க்காரர் சுவர் எழுப்பிவிட்டார்கள். கூரைத் தகரத்துக்குத்தான் காசில்லை. எங்கள் முதலாளி அண்ணை வழி சொன்னார்:

"கோயிலிலை மாம்பழம் ஏலம் விடுறமெல்லே? லீவிலை போகேக்கை அந்த மரத்துப் பழம் ஒண்டு கொண்டு வாரும். ஏலத்திலை விடுவம்."

கொண்டுவந்தார், பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில்.

"எயார்போட்டிலை பெட்டி சோதிக்கிற துவான்காரன் பிடிச்சிருந்தால்?"

"பிடிக்கேல்லை அக்கா."

"பிடிச்சிருந்தால்?"

ஏலம் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை பழத்தை எங்கே வைப்பது? குளிர்ப்பெட்டியில் வைத்தால் யாராவது லஸ்ஸியில் அடித்துவிடுவார்கள். வெளியே வைத்தால் கை சும்மா இருக்காது. யோசித்து யோசித்து, கல்லாவுக்கு மேலே உள்ள சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் என்னுடைய மடு மாதாவுக்கும் நடுவில் வைத்தேன். ஒருவர் அசந்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை வெங்காயம் எடுக்க நிலவறைக்குப் போய்த் திரும்பினால், கடை முழுக்க மாம்பழ வாசம். முதலாளியின் மனைவி பூசையை முடித்துவிட்டு, பழத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா, அது பள்ளிக்கூடம்!" என்று கத்தினேன்.

"என்ன பிள்ளை விசர்க்கதை? சாமித்தட்டிலை இருந்தால் சாமிக்குப் படைச்சதுதானே! இந்தா, உமக்கும் ஒரு துண்டு."

கும்பிட்டுக் கொடுத்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? அழுதுகொண்டே சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

தட்டில் கொட்டை மட்டும் கிடந்தது. எதற்கும் சிரிக்கிற மாலிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, கூரை வருது எண்டு ஊரிலை சொல்லிப்போட்டன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி அண்ணை கடை நடுவில் கதிரையில் ஏறி நின்றார். கையில் வெள்ளித்தட்டு, தட்டில் கொட்டை.

"கொட்டையை வாங்கி நான் என்னத்தைச் செய்ய?" என்றார் நகைக்கடைக்காரர்.

"பழத்தைத் தின்னேக்கை இந்தக் கேள்வி வரேல்லையே? ஆர் ஆர் தின்றதெண்டு எனக்குத் தெரியும். எல்லாரும் விலை கேக்கவேணும்!"

சிரிப்பில் தொடங்கிய ஏலம் மெல்ல ரோசத்தில் ஏறியது. நகைக்கடைக்காரர் ஒரு விலை சொன்னால் மரக்கறிக்கடைக்காரர் அதற்கு மேலே சொன்னார். கோயிலிலேயே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள். இரண்டு பேரும் களைக்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்:

"நான் வெட்டினது, நானே எடுக்கிறன்!"

முதலாளியின் மனைவி. சொன்ன தொகையைக் கேட்டு மாலிக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"நீர் சும்மா இரும்!" என்றார் அண்ணை கதிரையிலிருந்து. அந்தக் காசு யாருடைய கல்லாவிலிருந்து போகும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏலத்தை நடத்துங்கோ. ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று மனைவியே எண்ணினார்.

மாலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த முறை நானும் சிரித்தேன்.

கொட்டை திரும்பவும் சாமித்தட்டுக்குப் போனது. போன மழைக்காலத்தில் மாலிக்காரர் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். புதுத் தகரத்தின்மேல் மழை கொட்டுகிறது. உள்ளே பிள்ளைகள் நனையாமல், தொண்டை கிழியப் பாடம் சொல்கிறார்கள்.

"தம்பி, இந்தச் சத்தத்திலை வாத்தியார் சொல்லுறது கேக்குமோ?"

"கெதியா அக்கா, ரோல்ஸ் கருகுது" என்றார் அவர்.